அத்தானுக்குப் பிடிக்காத பிஸ்டன்

ஆகஸ்ட் 3, திங்கள்

கடலுக்குப் போகிற நாளென்றால் காற்று, நீரோட்டம், மீன்பாடு என்று மூன்று வரியில் முடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். கரையில் கிடக்கிறவனுக்கு எழுத நேரம் மட்டும்தான் மிச்சம்.

மோட்டாரைத் திறந்தாயிற்று. போன புதன்கிழமை கடலில் வைத்துப் பிடித்துக்கொண்டது. தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிற மோட்டார் இது. அந்த உறிஞ்சுகிற வாயில் யாரோ எறிந்த பிளாஸ்டிக் பை போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறவில்லை, சூடு ஏறிவிட்டது, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி நின்றுவிட்டது. மறுநாள் ஒரு விசைப்படகு எங்களைக் கட்டி இழுத்துவந்தது. விஷயம் அவ்வளவுதான். ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். இலங்கையில் டீ குடித்துவிட்டு வந்தோமாம்.

பிஸ்டனின் தலையில் கரி அப்பியிருந்தது. பெட்ரோல் விட்டு ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டுகிறவனை மோட்டார் பக்கமே விடக் கூடாது. கரி போனதும் ஒரு அம்புக்குறி தெரிந்தது, பக்கத்தில் ஐம்பது என்ற எண். எனக்கு வயிறு எரிந்தது. இந்த மோட்டாரை எனக்கு விற்றவன், கம்பெனியில் பூட்டியது பூட்டியபடி இருக்கிறது, திருகாணிகூடக் கழற்றியதில்லை என்று சிலுவை போட்டுச் சொன்னவன். புது மோட்டாரில் இந்த எண் இருக்காது. சிலிண்டர் தேய்ந்து, அதை ஒரு தடவை கடைந்து பெரிதாக்கி, ஐம்பது சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இனி அடுத்த சைஸ், எழுபத்தைந்து.

வியான்னி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி பெர்பெத்தின் தம்பி, படகில் எனக்குப் பாதிக்குப் பாதி பங்காளி. நான் கிழக்கு என்றால் மேற்கு என்பதற்கென்றே பிறந்தவன். இன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பாவம், அவனுக்கும் களைப்பு இருக்கும்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வியான்னியைத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். மோட்டார் பெயரைச் சொல்லி பிஸ்டன் கேட்காதே, பழைய பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு கேள் என்று பஸ் ஏறுகிற வரை சொல்லிக்கொண்டே போனேன். ஒரே பெயரில் வந்த மோட்டாருக்குள் வருஷத்துக்கு ஒரு பிஸ்டன் போட்டிருப்பான். கடைக்காரர் பெயரைக் கேட்டதும் டப்பாவை எடுத்து நீட்டிவிடுவார், அவருக்கென்ன.

எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த மோட்டாருக்கு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன்தான் மேலும் கீழும் போய் அவற்றைத் திறந்து மூடுகிற கதவு. அதனால் வட்டம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பிஸ்டனைத் தண்டோடு கோக்கிற பின் நுழைகிற துளை அதே அளவாக இருக்க வேண்டும். துளையிலிருந்து தலை வரைக்கும் உயரம் அதேதானா என்று பார்க்க வேண்டும், கூடினால் மேலே போய் இடிக்கும், குறைந்தால் இழுவை இருக்காது. பாவாடை என்கிற கீழ்ப்பகுதியில் வெட்டியிருக்கிற ஜன்னல் அதே இடத்தில் வர வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கின் இரண்டு முனையும் புகை போகிற ஓட்டைக்கு நேராக வந்துவிடவே கூடாது. வந்தால் முனை ஓட்டையில் மாட்டி ஒடிந்து, சிலிண்டரையே கீறி நாசமாக்கிவிடும்.

மோட்டாரின் சிலிண்டர் பிளாக்கை லேத் பட்டறையில் பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். அளந்து பார்த்தாராம், எழுபத்தைந்தில் கீறல் எல்லாம் போய்விடும் என்றாராம். பிஸ்டனைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் கடைவார். அதுதான் முறை. முதலில் பிஸ்டன், அப்புறம் அதற்கேற்ப சிலிண்டர். கடைக்காரரிடம் இன்று சரக்கு இல்லை, நாளை வரச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 5, புதன்

வியான்னி கொண்டுவந்தது வேறு பிஸ்டன். சைஸ் சரி. பின்னுக்கு மேலே உயரம் குறைவு, ஜன்னலே கிடையாது. குருடன் தடவிப் பார்த்தால்கூடத் தெரியும். கையில் மாதிரியை வைத்துக்கொண்டு இதை எப்படி வாங்கினாய் என்று கேட்டேன். கடையில் கூட்டமாக இருந்ததாம்.

கொண்டுபோய்க் கொடு என்றேன். சரி அத்தான் என்றான்.

ஆகஸ்ட் 6, வியாழன்

கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. தகரம் எல்லாம் தடதடக்கிறது. இருப்புக் கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 8, சனி

இரண்டாவது பிஸ்டன் வந்தது.

வாசலில் பாயைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தலையில் எழுபத்தைந்து, சரி. பழைய பின்னை நுழைத்தேன், கட்டைவிரல் அழுத்தத்தில் போனது, சரி. இரண்டையும் பின்னில் கோத்துத் தொங்கவிட்டுத் தலை உயரம் பார்த்தேன், சரி. ஜன்னல் சரி. பாவாடையின் அடியில், பின்னுக்குக் குறுக்காக வைத்து அளந்தேன். பிஸ்டன் பார்க்கத்தான் வட்டம், உண்மையில் முட்டை மாதிரி. எங்கே வேண்டுமானாலும் அளக்கிறவன் ஏமாந்து போவான். அதுவும் சரி.

ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்துகிறது. ரிங் முனை நிற்கிற ஊசி, புகை ஓட்டைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. பழைய பிஸ்டனோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் பழையதே அப்படி இருந்ததால்தான் பிடித்துக்கொண்டதோ என்னவோ. பிளாஸ்டிக் பையை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

பெர்பெத் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன, பொண்ணு பாக்கிற மாதிரி இப்படிப் பாக்கிய என்று கேட்டாள். பொண்ணு பார்க்கும்போது இவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன் என்றேன். வழக்கமாக இதற்குச் சிரிப்பாள்.

வியான்னியிடம் இது வேண்டாம் என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். எத்தனை வருஷம் இவனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இப்போதுதான் என் அனுபவத்துக்கு மரியாதை தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் எல்லாரும் மோட்டாரைத்தான் விசாரித்தார்கள். சாமியாரும் கேட்டார். பிஸ்டன் கிடைக்கவில்லை என்றேன். தூத்துக்குடியில் கிடைக்காத பிஸ்டனா என்று ஒருவன் வாயைக் கிளறினான். எது கிடைத்தாலும் போட்டுக்கொள்கிறவனுக்குத் தூத்துக்குடி போதும் என்றேன். நாலு பேர் தலையாட்டினார்கள். மோட்டார் விஷயத்தில் என் பேச்சுக்கு இந்த ஊரில் மறுபேச்சு கிடையாது.

ஆகஸ்ட் 10, திங்கள்

சாளை மீன் வந்துவிட்டது. போனவன் எல்லாம் படகு முட்ட அள்ளி வந்திருக்கிறான். கரை முழுக்க வெள்ளியாகக் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டு லொயோலா வந்து சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை. வேலை இருந்தது.

லொயோலாவின் மோட்டார் இருமிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, கார்பரேட்டரை ஊதிவிட்டு, டிரம்மில் தண்ணீர் நிறைத்து அதில் மாட்டி ஓடவிட்டேன். கேட்கச் சுகமாக இருந்தது. கடல்ல இறக்கி ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்திருவோமே சந்தியாகு என்றான். டிரம்மில் ஓடினால் கடலிலும் ஓடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சாப்பாட்டில் சாளைக் குழம்பு. யார் கொடுத்தது என்று கேட்டேன். கூடைக்காரியிடம் வாங்கினேன் என்றாள் பெர்பெத். என் வீட்டில் மீனை விலைக்கு வாங்கியிருக்கிறாள். கூடைக்காரி தெருவுக்கே கேட்கும்படி என் வீட்டு வாசலில் சட்டியில் எண்ணிப் போட்டிருப்பாள். சோறு இறங்கவில்லை. ஆனால் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று தடவை பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டு வந்தேன். யாரையும் எதிர்பார்த்து அல்ல. நாங்கள் இருக்கிற தெரு நேரே கடலில் போய் முடிகிறது. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம்.

ஆகஸ்ட் 12, புதன்

மூன்றாவது பிஸ்டன். வேறு கம்பெனி. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். நல்ல வார்ப்பு என்றால் மணி மாதிரி ஓசை நிற்க வேண்டும். இது சட்டியைத் தட்டியது மாதிரி இருந்தது. எடையும் கூடுதலாகப் பட்டது. தராசில் வைத்தோம், பழையதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். தராசு சரியில்லை.

வேண்டாம் என்றேன். வியான்னி சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் போனபிறகு பெர்பெத் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நீங்க ராத்திரியெல்லாம் ஏன் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டே இருக்கிய என்று கேட்டாள். புழுக்கம் என்றேன். வெளியே கச்சான் ஊரையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 13, வியாழன்

பக்கத்து ஊர் தஸ்நேவிஸ் வந்தான். வெள்ளை வேட்டியும் வாசனையுமாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். படகையும் மோட்டாரையும் கிடக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றான். சீசன் நேரத்தில் கரையில் காய்கிற படகைப் பார்த்தால் இவனுக்கு எப்படியோ மூக்கு வேர்த்துவிடும்.

படகு விற்கிற எண்ணம் இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் வியான்னி சொன்னான்: "குடுத்துருவோம் அத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தஸ்நேவிஸ் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். அந்தப் படகில்தான் இவன் மீசை முளைத்தது. பருவலை எது, சிறுவலை எது என்று தெரியாமல் வந்தவனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது அதில்தான். விற்றுவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் ஆள் கேட்கிறார்களாம். நாலு சுவருக்குள் ஐஸ் பாரை உடைத்துக்கொண்டு இருக்கப் போகிறானாம். தஸ்நேவிஸ் புதன்கிழமை வரை யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனான். அதற்கு மேல் காத்திருக்க மாட்டானாம், அவனுக்கு வேறு படகு இருக்கிறதாம்.

பயந்தாங்கொள்ளிப் பயல். வியான்னியைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பெர்பெத் காலையில் கஞ்சி வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். புதன்கிழமைக்குள்ள என்ன செய்யப் போறிய என்று கேட்டாள். சரியான பிஸ்டன் வந்தால் பூட்டிக் கடலில் இறக்குவேன், அப்புறம் எந்த தஸ்நேவிஸும் வாசலில் வந்து உட்கார மாட்டான் என்றேன்.

"சரியான பிஸ்டன் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

உயரம், ஜன்னல், ஊசி என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் பாதியில் போய்விட்டாள். பெண்களுக்கு மோட்டார் விளங்காது.

ஆகஸ்ட் 15, சனி

மாதா திருநாள். சப்பரம் கடற்கரை வரை போனது. நான் கோயிலிலேயே இருந்துகொண்டேன், காலில் வலி.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் பெர்பெத் தூத்துக்குடி போயிட்டு வாரேன் என்று கிளம்பினாள். எதற்கு என்று கேட்டதற்கு வேலை இருக்கு என்றாள். மத்தியானம் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியான்னியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். இவ்வளவு நேரம் ஆளைக் காணோமே, ஒரு தகவல் சொல்லக் கூடாதா என்று அவனிடம் சத்தம் போட்டேன். அவன் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் சாக்குப் பை. சேலையெல்லாம் எண்ணெய்க் கறை. பையைத் தூக்கி வந்து பாயில் வைத்து அவிழ்த்தாள். எங்கள் மோட்டார் பிளாக். சிலிண்டர் கடைந்து, உள்ளே முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. அதன் மேல் ஒரு டப்பா. டப்பாவுக்குள் இருந்த பிஸ்டனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் இரண்டாவதாகத் திருப்பி அனுப்பிய அதே பிஸ்டன். தலையோரத்தில் என் நகம் கீறிய தடம்கூட இருந்தது.

இதைத்தான் நான் வேண்டாம் என்று சொன்னேனே என்றேன்.

பெர்பெத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள். நேரே பேச்சிமுத்து அண்ணாச்சி பட்டறைக்குப் போயிருக்கிறாள். ஏன் இன்னும் பிஸ்டன் அமையவில்லை என்று கேட்டிருக்கிறாள். அவர் முழித்திருக்கிறார். உங்க தம்பி போன சனிக்கு முந்தின சனிக்கிழமையே சரியான பிஸ்டனைக் கொண்டுவந்து காட்டினானே, நானே அளந்து பார்த்து, வச்சிட்டுப் போ, இன்னைக்கே கடைஞ்சிருதேன்னு சொன்னேனே, அத்தான் பாக்கணும்னு கொண்டுபோனான், அப்புறம் அத்தானுக்குப் பிடிக்கலைன்னு கடையில திருப்பிக் குடுத்துட்டானே என்றாராம். பெர்பெத் கடைக்குப் போய் அதே டப்பாவைக் கேட்டு வாங்கி, பட்டறையிலேயே உட்கார்ந்து கடைய வைத்து எடுத்து வந்திருக்கிறாள்.

வியான்னி பக்கம் திரும்பினேன். பிஸ்டன் சரி என்று லேத்தில் சொன்னதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க வேண்டாம்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு அத்தான்."

அவனை அறைய வேண்டும் என்று கை எழுந்தது. அறையவில்லை. அறைந்தால் யாரை அறைந்ததாக ஆகும். அந்தப் பிஸ்டனில் ஒரு குறையும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஊசி ஒதுங்கியிருக்கவில்லை. ஓசை, எடை எல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவன் தெரிந்தே முதல் நாள் தப்புப் பிஸ்டனை வாங்கி வந்தான். நான் தெரிந்தே சரியானதைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஒரு வார்த்தை பேசாமலே செய்திருக்கிறோம்.

பெர்பெத் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரி கடல்ல கிடந்திய. நான் இங்க கிடந்தேன். எனக்கும்தான் பயம். பிஸ்டன் சரியில்லன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

அவளே மறுபடியும் சொன்னாள்.

"படகைக் குடுக்கணும்னா குடுத்துருவோம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பயமா இருக்குன்னு சொல்லிக் குடுங்க. நல்ல பிஸ்டன் மேல பழியப் போட்டுக் குடுக்காதிய."

பயமாக இருக்கிறது என்றேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். வியான்னி குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும்தான்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பூட்டினோம். பின்னுக்கு எண்ணெய் தடவி நுழைத்து, இரண்டு பக்கமும் பூட்டு வளையம் போட்டு, அம்புக்குறி புகை ஓட்டைப் பக்கம் பார்க்கிறதா என்று பார்த்து, ரிங்குகளை விரலால் அழுத்திப் பிடித்துச் சிலிண்டரை இறக்கினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எவ்வளவு நல்ல பிஸ்டன். இதைப் போய் அப்படிப் பேசினேனே என்று இருந்தது. வியான்னி பழையபடி ஆரம்பித்துவிட்டான். ஹெட் போல்ட்டை இந்த வரிசையில்தான் முறுக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறான். அவனைத் திட்டுவது இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று எனக்கு முன்பு தெரியாது.

டிரம்மில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். ஓடியது.

புதுப் பிஸ்டனை எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாது. ஆயில் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, அரை வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டி இப்படிப் பழக்க வேண்டும். பெர்பெத் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பழக்கத்தையெல்லாம் டிரம்மிலேயே முடிச்சிற முடியாதா என்று கேட்டாள்.

முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரே நம்பும். வியான்னியும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடியாது என்றேன். டிரம்மில் மோட்டாருக்குப் பாரம் கிடையாது, படகைத் தள்ளினால்தான் பிஸ்டன் பழகும், கடலில்தான் ஆகும் என்றேன்.

அப்ப நாளைக்கு நானும் வாரேன் என்றாள்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் தொழில் படகில் ஏறுவதில்லை. ஏறினால் பாடு விழாது என்பார்கள். அதைச் சொன்னேன். நாளைக்கு வலை ஏத்தப் போறியளா என்று கேட்டாள். இல்லை என்றேன். பெறகு பாடு எதுக்கு விழணும் என்றாள்.

ஆகஸ்ட் 19, புதன்

காலையில் தஸ்நேவிஸ் போன் அடித்தான். நாங்கள் அப்போது படகைத் தள்ளிக்கொண்டிருந்தோம். பெர்பெத்தான் எடுத்தாள். கையில வேலை இருக்கு, பெறகு பேசுங்க என்று வைத்துவிட்டாள்.

கரையில் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். லொயோலா ஏதோ சொல்ல வந்தான், பெர்பெத் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் கால் வைத்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வியான்னி முன்னால், நான் மோட்டாரில். அலையைத் தாண்டும்போது பெர்பெத் கண்ணை மூடிக்கொண்டாள், நானும் ஒரு நொடி மூடினேன். மோட்டார் மூடவில்லை, அது பாட்டுக்கு ஓடியது.

அரை வேகத்தில் கிழக்கே போனோம். கோயில் கோபுரம் விரல் அளவுக்குச் சிறுத்தது. காற்று லேசாகப் பின்னாலிருந்து தள்ளியது. சிலிண்டர் நன்றாகச் சூடு ஏறிவிட்டது. இனி நிறுத்தி ஆறவிட வேண்டும்.

நிறுத்துகிற பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. இத்தனை நாளும் நான் பயந்தது கடலுக்கு இல்லை, இந்தச் சத்தம் நின்று போவதற்கு. வியான்னி திரும்பி என் விரலையே பார்த்தான். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டட்டுமா என்று அவனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியும், அதற்கு மேல் ஓட்டினால் பிஸ்டனுக்குக் கேடு. இல்ல அத்தான், நிப்பாட்டுங்க என்றான்.

நிறுத்தினேன்.

தண்ணீர் பலகையில் அறைகிற சத்தம் மட்டும் இருந்தது. படகு மெதுவாகத் திரும்பிக் காற்றோடு நகர ஆரம்பித்தது. அதே சத்தம், அதே திருப்பம். வியான்னி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான். பெர்பெத் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்ன செஞ்சிய என்று கேட்டாள்.

"அத்தான் என்னையும் அவரையும் சேத்துக் கட்டிட்டாரு" என்றான் வியான்னி.

அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். துடுப்பு போட்டுக் கை ஓய்ந்துவிட்டது, நங்கூரக் கயிறு தரைக்கு எட்டவில்லை, போனில் சிக்னல் இல்லை. படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கவிழ்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நங்கூரக் கயிற்றை அறுத்து, அவன் இடுப்பிலும் என் இடுப்பிலும் சேர்த்துக் கட்டினேன். ஒருவன் கரை ஒதுங்கினால் மற்றவனும் கூடவே வந்துவிடுவான். புருஷனையும் தம்பியையும் நீ தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம் என்று நினைத்தேன். விசைப்படகுக்காரர்கள் எங்களைப் பார்த்தபோது கயிற்றை அவிழ்க்க முடியாமல் அறுத்துத்தான் தூக்கினார்கள்.

பெர்பெத் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. பிறகு அவள் கதையைச் சொன்னாள். அன்றைக்கு இருட்டியதும் படகுக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். அந்தக் காற்றில் யாரும் படகை எடுக்கத் துணியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரும்பி வீட்டுக்கு வந்து என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"எதுக்குன்னு தெரியாமலா கேக்கிய" என்றாள்.

அதற்கப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. வியான்னி அந்த இரவில் தான் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். அத்தனையும் செலுத்த வேண்டுமென்றால் ஐஸ் கம்பெனி சம்பளம் காணாது என்று பெர்பெத் சொன்னாள். அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டுச் சிலிண்டரில் கை வைத்துப் பார்த்தேன். அது எப்போதோ ஆறிப்போய்க் கிடந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

வியான்னி வந்து கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பில் ஓடவில்லை. அடுத்த இழுப்பில் ஓடியது. கரைப் பக்கம் திருப்புவதற்காகக் கைப்பிடியைத் தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம் வெளிய போவோம்" என்றாள் பெர்பெத்.

போனோம்.